எங்கள் வீட்டு நால்வர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆலை தொடங்கிய கதை, அயல்நாடு போன கதை, பதவியில் உயர்ந்த கதை எல்லாம் சொன்னார்கள். கேட்கவே பெருமையாக இருந்தது. என்னிடம் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உனக்கு நல்லா தெரிஞ்ச விஷயத்தைப் பேசு, அது போதும்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் நான்கு நாய்கள்தான். சிரிக்காதீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

எங்கள் வீடு காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், தாராநல்லூர் பக்கம். 1868-இல் கோட்டை மார்க்கெட்டாக ஆரம்பித்து, 1927-இல் விரிவாக்கப்பட்டு காந்தி பெயரைப் பெற்ற மார்க்கெட் அது. திருச்சிக்காரர்களுக்கு அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் தூங்கும்போது அது விழித்திருக்கும். நள்ளிரவில் லாரி வரும், மூட்டை இறங்கும், விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். என் அப்பா அங்கே ஒரு வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளை. மண்டி என்றால் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை இருக்கும், லாரி இருந்தால் நாய் இருக்கும். அப்பா பின்னாடியே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவர்கள்தான் எங்கள் வீட்டு நால்வர். சைவத்தில் நால்வர் என்றால் வேறு. அந்தப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் அப்பாயி வைத்த பெயர் அது.

முதலில் வந்தவன் மணி. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அப்பா அதிகாலை மூன்று மணிக்கு மண்டிக்குக் கிளம்புவார். மணி பத்தடி முன்னால் போவான். மண்டிக் கதவு திறந்து, தராசு மாட்டி, முதல் மூட்டை அவிழ்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவான். மண்டிக்கு விடுமுறை நாளில் அப்பா படுத்துத் தூங்குவார். மணிக்கு விடுமுறை கிடையாது. தனியாகப் போய், பூட்டியிருக்கிற கதவைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவின் கட்டில் ஓரம் படுப்பான். "பெரம்பலூர் சரக்கு வந்துச்சாடா?" என்று அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்பார். வாலை ஒருமுறை தரையில் தட்டுவான். அதுதான் அன்றைய கணக்கு ஒப்படைப்பு.

இரண்டாவது ராணி. பெயருக்கு ஏற்ற மாதிரிதான் நடந்துகொள்வாள். பழைய சோற்றில் மோர் ஊற்றினால் சாப்பிடுவாள், குழம்பு ஊற்றினால் முகர்ந்துவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பாள். முறுக்கு மட்டும் உயிர். கொடுத்ததை உடனே தின்னமாட்டாள். கொல்லையில் மல்லிகைச் செடிக்கு அடியில் புதைத்து வைப்பாள். மறுநாள் போய்த் தோண்டினால் அது எறும்புக்குப் போயிருக்கும். அவள் முகத்தில் தெரியும் ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் சேமிக்கிற பழக்கத்தை விடவில்லை. அவளுக்கு உலகத்தில் ஒரே விரோதி குடுகுடுப்பைக்காரர். தெருமுனையில் சத்தம் கேட்டதும் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து வீரமாகக் குரைப்பாள்.

மூன்றாவது கறுப்பன். இவன் ஒரு தனி ஜாதி. வீட்டுக்குள் வரவேமாட்டான். எதிரே இருந்த விறகுத் தொட்டியில் அடுக்கின மேல் படுத்திருப்பான். மற்ற மூன்று பேரும் சாப்பிட்டு, தட்டை நக்கி, தூங்கப் போன பிறகு, அப்பாயி தனியாக ஒரு வட்டிலில் சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். ஆள் நின்றால் வரமாட்டான். "அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி. கையேந்திச் சாப்பிடற பிறவி இல்லே" என்பாள் அப்பாயி. எட்டு வருஷத்தில் அவனைத் தொட்டுத் தடவியவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை.

நான்காவது டைகர். ஊரிலேயே பெரிய கோழைக்கு இந்தப் பெயரை வைத்தது நான்தான். ஒரு மழைநாளில் என் சைக்கிள் கேரியரில் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த குட்டி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், ராணிக்கு ரொம்பப் பயம். என்னிடம் மட்டும் பயமில்லை. நான் படிக்க உட்கார்ந்தால் புத்தகத்தின் மேலேயே படுப்பான். தேர்வில் நான் எடுத்த மதிப்பெண்ணுக்கு அவனும் ஒரு காரணம் என்று அன்றைக்கே வீட்டில் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

ஒருநாள் டைகர் என் சைக்கிள் பின்னாலேயே ஓடிக் கல்லூரிக்கு வந்துவிட்டான். எனக்குத் தெரியாது. தமிழ் வகுப்பு. பாதிப் பாடத்தில் வாசற்படியில் ஒரு மூக்கு தெரிந்தது. நேராக உள்ளே வந்து என் பெஞ்சுக்குக் கீழே படுத்துவிட்டான். வகுப்பே அடக்கமுடியாமல் சிரிக்கிறது. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "இவர் பெயர் இதில் இல்லையே. சரி, இருக்கட்டும். பெயர் இருக்கிற பலரை விட நேரத்துக்கு வந்திருக்கிறார்" என்றார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். பாருங்கள், தலையை ஆட்டுகிறார்கள்!

நான் இவர்களை அது, இது என்று சொல்லாமல் அவன், அவள் என்று சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி அப்படித்தான் பேசுவார். ஆசிரமத்து நாய்களைப் "பசங்க" என்பார். பசங்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்பார். ஸ்கந்தாசிரமத்தில் அவர் இருந்தது 1916-லிருந்து 1922 வரை. அங்கே கமலா என்று ஒரு நாய் குட்டியாக வந்து சேர்ந்தாள். வருஷா வருஷம் குட்டி போட்டு நிரப்பிவிடுவாள் என்று துரத்தப் பார்த்தார்கள், போகவில்லை. முதல் பிரசவத்தில் அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, பத்து நாள் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களை மலையில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு தீர்த்தம், ஒவ்வொரு சன்னிதியாக அழைத்துப் போய்க் காட்டுவாளாம்.

அங்கே சின்னக் கறுப்பன் என்றும் ஒருவன் இருந்தான். விரூபாக்ஷ குகைக் காலத்தில் புதர் மறைவிலிருந்து எட்டிப் பார்ப்பானாம், கிட்டே வரமாட்டானாம். அவன் வைராக்கியத்தை மதித்து, சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவார்களாம். ஒருநாள் தானாகவே பாய்ந்து வந்து ரமணர் மேல் விழுந்து கொஞ்சினான். அதன் பிறகு ஆசிரமவாசி ஆகிவிட்டான். இதை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் கறுப்பன்தான் கண்முன் நின்றான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ரமணாசிரமம் போகிறவர்கள் பசு லக்ஷ்மியின் சமாதி பக்கத்தில் பாருங்கள். மானுக்கும் காக்கைக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் அங்கே சமாதி உண்டு.

அதைவிடப் பழைய சாட்சி ஒன்றும் இருக்கிறது. செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனுக்கு நட்ட கல். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து அவனருகே காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. கல்லில் நாயின் உருவமும் இருக்கிறது, அதன் பெயரும் இருக்கிறது. கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது. 2005-இல் நம் தபால்துறை வெளியிட்ட தபால்தலையில் ராஜபாளையம் நாய் இருக்கிறது. அது இனத்துக்குக் கிடைத்த பெருமை. கோவிவனுக்குக் கிடைத்தது அவனுக்கே அவனுக்கான பெருமை. பெயர் வைப்பது என்பது சாதாரண காரியம் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

இனி சிரிப்பு இல்லாத பகுதி. மன்னியுங்கள்.

1976. நான் இரண்டாம் ஆண்டு. ஒரு ராத்திரி மார்க்கெட் பக்கம் ஏதோ ஒரு நாயிடம் டைகர் கடிபட்டு வந்தான். காதுக்குக் கீழே சின்னக் காயம். அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். நான்கு நாளில் ஆறிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம். நால்வரில் யாருக்கும் அதுவரை வெறிநாய்த் தடுப்பூசி போட்டதில்லை. கால்நடை ஆஸ்பத்திரி தெரியாத இடம் இல்லை. காசும் பெரிய காசு இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். சோறு போட்டோம், பெயர் வைத்தோம், கொஞ்சினோம். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து டைகர் மாடிப்படிக்குக் கீழே இருட்டில் போய் உட்கார்ந்தான். கூப்பிட்டால் வரவில்லை. குரல் மாறிவிட்டது, குரைப்பு கரகரவென்று இழுத்தது. வாயில் எச்சில் வழிந்தது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து நான் வாய்க்குள் கையை விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. அன்று சாயந்திரம் தங்கையின் கையில் பல் பட்டது. விலக்கிவிடப் போன மணியையும் ராணியையும் கடித்தான். பல்லிக்குப் பயப்படுகிறவன்! மூன்றாம் நாள் இறந்துபோனான். கடைசி நாளில் என்னை அடையாளம் தெரியவில்லை.

அப்பா, அம்மா, நான், தங்கை, நாலு பேருக்கும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. நம் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அந்த மருந்தைப் பல காலம் தயாரித்துத் தந்தது, எத்தனையோ லட்சம் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் வலி உயிர்போகும் வலி. வீங்கின வயிற்றோடுதான் அந்த வருஷத் தேர்வை எழுதினேன். தங்கைக்குப் பதினோரு வயது. ஒவ்வொரு நாளும் வரிசையில் நிற்கும்போது, "அண்ணா, டைகர் வேணும்னு கடிக்கலேல்ல?" என்று கேட்பாள். பதினான்கு நாளும் கேட்டாள்.

பிறகு கால்நடை மருத்துவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "கடிபட்ட ரெண்டுமே தடுப்பூசி போடாத நாய்ங்க. என்னைக்கு வரும்னு யாராலும் சொல்ல முடியாது. வீட்ல சின்னப் பொண்ணு இருக்கு. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு வழக்கம்போலக் கிளம்பினார். முதல் தடவையாக மணியின் கழுத்தில் கயிறு. அவனும் வழக்கம்போல முன்னால் போனான். மண்டியைத் திறந்து, தராசு மாட்டி, முதல் மூட்டை அவிழ்த்து அவனுக்குக் காட்டிவிட்டுத்தான் அப்பா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ராணியை அம்மா சைக்கிள் ரிக்‌ஷாவில் கொண்டுபோனாள். சேலைத் தலைப்பில் இரண்டு முறுக்கு முடிந்து எடுத்துப்போனாள். இரண்டுமே முடிச்சு அவிழாமல் திரும்பி வந்தன. மணிக்கும் ராணிக்கும் வாழ்நாளில் கிடைத்த முதல் ஊசியும் கடைசி ஊசியும் அதுதான்.

மிச்சம் கறுப்பன். யாரோடும் ஒட்டாமல் விறகு அடுக்கின் மேல் படுத்திருந்தவன். டைகர் அவன் பக்கமே போகவில்லை. ஆனாலும் ஆறு மாதம் கண்காணிக்கச் சொன்னார் மருத்துவர். அவனைப் பிடித்து ஊசி போடுவது எப்படி என்று அப்பா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவனைத்தான் யாரும் தொட்டதே இல்லையே!

நாலாம் நாள் காலை அப்பாயி கதவைத் திறந்தாள். கறுப்பன் வாசற்படியில் படுத்திருந்தான். அப்பாயியைப் பார்த்தும் எழுந்து ஓடவில்லை. அவள் குனிந்து தலையில் கை வைத்தாள். எங்கள் வீட்டில் அதுவரை அழாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அழுதாள். எதற்காக வந்தான் என்று எனக்கு இன்றும் தெரியாது. தனியாகிவிட்டான் என்று வந்தானா, நாங்கள் தனியாகிவிட்டோம் என்று வந்தானா? அன்றே அப்பா அவனை ஊசிக்குக் கூட்டிப்போனார். முரண்டு பிடிக்காமல் நின்றான். எங்கள் தெருவில் முதன்முதலில் தடுப்பூசி போட்டுக்கொண்ட நாய் அவன்தான். பிறகு வருஷா வருஷம் அந்தத் தேதியை அப்பா மண்டிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைப்பார். 1984-இல் கிழவனாகிக் கொல்லை முருங்கையடியில் தூக்கத்திலேயே போனான்.

நண்பர்களே, இந்த நோய் ஒரு விசித்திரமான நோய். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பில்லை. கடிபட்டதும் கவனித்தால் அநேகமாகச் சாவே இல்லை. 1885-இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிய நாளிலிருந்து இது தெரிந்த உண்மை. அவர் மறைந்த செப்டம்பர் 28-ஐத்தான் உலக ரேபிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். வயிற்றில் போடும் ஊசி 2005 வாக்கிலேயே நம் நாட்டில் ஒழிந்தது. இப்போது கையில்தான், நான்கைந்து தவணை. கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி. "நம்ம நாய்தானே" என்று இருந்துவிடாதீர்கள். எங்களுடையதும் நம்ம நாய்தான்.

மாணவச் செல்வங்களுக்குக் கடைசியாக ஒன்று. விடுதி வாசலில் நீங்கள் நாய்களுக்குச் சோறு போடுவதும், பெயர் வைத்துக் கூப்பிடுவதும் எனக்குத் தெரியும். 2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டபோது நாடெங்கும் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். நாய் வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று பேரன் கேட்டான். வயிற்றில் பதினான்கு ஊசி வாங்கியவனும் நான்தான், மணிக்காக இன்றும் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறவனும் நான்தான். எந்தக் கட்சியில் சேர்வது?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 2020 ஊரடங்கில் காந்தி மார்க்கெட்டை மூடி, மொத்த வியாபாரத்தை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். பூட்டிய மண்டி வாசலில் நாய்கள் உட்கார்ந்திருந்தன, லாரி வரும் என்று. மனிதன் கைவிடுகிற இடத்தில்தான் நாய் தெருநாய் ஆகிறது. ஒரு நாயின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? இது கோழை, இது கஞ்சம், இது ரோஷக்காரன் என்று சொல்ல முடிகிறதா? அப்படியானால் அது உங்கள் பொறுப்பு. மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருஷா வருஷம். கருத்தடை. முடிந்தால் ஒரு வீடு. இதில் ஒன்றும் செய்யாமல் பிஸ்கெட் மட்டும் போடுவது, நாங்கள் 1976 வரை செய்த அதே தப்பு.

இங்கே ஐம்பது பேர் விடுதி நாயைக் கொஞ்சுகிறீர்கள் என்றால், ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாயைத் தத்தெடுத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ரிக்‌ஷா, மன்னிக்கவும், ஆட்டோச் செலவை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்று தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அவர் மறுக்கமாட்டார். அன்று டைகரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் கேட்டவர்களில் அவரும் ஒருவர்.